ட்ரெய்னிங்குக்கு ஆள் வேணும், சொல்லிக்கொடுக்க ஆளில்ல

போன ஹஜ்ஜுப் பெருநாள் லீவில் ஊருக்கு வந்திருந்த நேரம் எங்கட குடும்பத்தில் ஒரு கல்யாணப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை என்னுடைய சாச்சாவின் மகன், எனக்குக் காக்கா முறை. ஹோட்டல் முகாமைத்துவம் படித்துவிட்டு கொழும்பில் ஒரு பெரிய ஹோட்டலில் வரவேற்புப் பகுதியில் வேலை செய்கிறார். மூன்று மொழியும் நல்லாப் பேசுவார். பெண் வீட்டிலிருந்து வந்த மாமி எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு, கடைசியாகக் கேட்டா: "ஹோட்டல்ல எண்டா என்ன புள்ள, கொத்து போடுறயா?"

நாங்கள் எல்லாரும் சிரித்துவிட்டோம். காக்கா சிரிக்கவில்லை. பேச்சும் அதோடு நின்றுபோனது.

அதே மாதம் எங்கட தெருவில் இன்னொரு சம்பந்தம் சரிவந்தது. அந்த மாப்பிள்ளை கலைப் பட்டதாரி. கம்பஸ் முடித்து மூன்று வருஷம், இன்னும் வேலை கிடைக்கவில்லை. "பட்டதாரிப் பொடியன்தானே, இண்டைக்கோ நாளைக்கோ கவர்மென்ட்ல எடுத்துருவாங்க" எண்டு சொல்லி நிக்காஹ் முடித்துவைத்தார்கள்.

நானும் ஒரு கலைப்பீட மாணவி. ஊரை விட்டுத் தூரத்தில் படிக்கிறேன். அடுத்த வருஷம் பட்டம் கையில் வரும். அதனால் இந்த இரண்டு கதையையும் பெருநாள் வீட்டுக் கதையாக எடுத்து மறக்க என்னால் முடியவில்லை.

மாமியில் பிழையில்லை. கல்முனையில் "ஹோட்டல்" என்றால் பரோட்டாவும் கொத்தும் போடுகிற கடைதான். அங்கே வேலை செய்கிறவர்களுக்கு ஓய்வூதியமும் இல்லை, லீவும் இல்லை, மரியாதையும் குறைவு. கவர்மென்ட் வேலையை நம்புகிறதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. 2020-ல் அரசாங்கம் ஐம்பதாயிரம் அளவில் பட்டதாரிகளை மாதம் 20,000 ரூபா கொடுப்பனவில் பயிலுநர்களாக உள்ளே எடுத்தது. எங்கட பகுதியிலும் வருஷக்கணக்காகக் காத்திருந்த எத்தனையோ பேர் அதில்தான் ஒரு கதிரையைக் கண்டார்கள். ஆனால் 2022-ல் நாடு வங்குரோத்தானதைப் பார்த்த பிறகும் அதே வாசல் மறுகா ஒருமுறை திறக்கும் எண்டு நம்பி, இருபத்தைந்து வயதை வீட்டு வாசலில் கழிக்கலாமா? என்னால் முடியாது.

கல்முனையில் பஸ் ஏறினால் அக்கரைப்பற்று, அங்கிருந்து பொத்துவில், பொத்துவிலைத் தாண்டினால் அறுகம்பே. எங்கட மூத்தவர்கள் இப்பவும் அதை உல்லை என்றுதான் சொல்வார்கள். இரண்டு மணித்தியாலப் பயணம். ஏப்ரல் கடைசியிலிருந்து ஒக்டோபர் வரைக்கும் அலை தேடி வருகிற வெளிநாட்டவர்களால் அந்தச் சின்ன ஊர் நிரம்பி வழிகிறது. 2019 செப்டம்பரில் உலக சேர்ஃபிங் லீக்கின் தகுதிச்சுற்றுப் போட்டியே அங்கே நடந்தது. பெரிய நட்சத்திர ஹோட்டல்கள் அங்கே குறைவு. கெஸ்ட் ஹவுஸ், கபானா, ஹோம்ஸ்டே என்று குடும்பங்கள் நடத்துகிற இடங்கள்தான் கூட. போன வருஷம் அங்கே ஒரு கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிற நானா ஒருவரோடு பேசினேன். இணையத்தில் வருகிற புக்கிங்கைப் பார்க்க, ஒரு வெள்ளைக்காரரின் முறைப்பாட்டுக்கு ஒழுங்கான இங்கிலீசில் பதில் எழுத, மாசக் கணக்கை முடிக்க ஓர் ஆள் தேடித் தேடிக் களைத்துப்போய் இருந்தார். "கம்பஸ் முடிச்ச புள்ளையள் எங்கட பக்கம் எட்டியும் பார்க்கிறல்ல" எண்டு சொன்னார்.

இந்தப் பக்கம் வேலையில்லாத பட்டதாரி. அந்தப் பக்கம் ஆள் கிடைக்காத முதலாளி. இடையில் இருப்பது ஒரு பஸ் பயணம். இதை இணைக்க வேண்டியது கல்விதான். அது ஏன் இணைக்கவில்லை?

கேட்டால் எல்லாரும் ஒரே பதில் சொல்வார்கள்: "தொழில்துறை கல்விக்குள் வர வேண்டும்." கருத்தரங்கு மேடையில் விரிவுரையாளரும் சொல்வார், ஹோட்டல் முகாமையாளரும் சொல்வார். நானும் அதைத்தான் சொல்கிறேன். ஆனால் எப்படி வர வேண்டும் என்று கேட்டால்தான் சண்டை தொடங்கும்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. உலகத்தின் முதல் ஹோட்டல் பாடசாலை சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் 1893-ல் தொடங்கியது. தொடங்கியது அரசாங்கமோ பல்கலைக்கழகமோ கிடையாது. ஹோட்டல்காரர்களின் சங்கம்தான், ஒரு ஹோட்டலுக்குள்ளேயே வகுப்பை ஆரம்பித்தது. தங்களுக்குப் பயிற்றப்பட்ட ஆள் தேவை, அதனால் தாங்களே செலவழித்தார்கள். எங்கட நாட்டிலும் சுற்றுலாச் சபை உருவானது 1966-ல். அதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்பே, 1964-ல், சிலோன் ஹோட்டல் ஸ்கூல் தொடங்கிவிட்டது. இப்போது அதற்குப் பெயர் இலங்கை சுற்றுலா மற்றும் ஹோட்டல் முகாமைத்துவ நிறுவனம். பிறகு சபரகமுவ, ரஜரட்ட, ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகங்களில் சுற்றுலாவுக்கென்றே பட்டப்படிப்புகளும் வந்தன. ஆக, இது நேற்று முளைத்த துறை என்று யாரும் சொல்ல முடியாது.

ஜேர்மனியில் இன்னொரு முறை இருக்கிறது. ஹோட்டல் தொழில் கற்கிற பிள்ளை மூன்று வருஷம் ஒரு ஹோட்டலோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்கிறது. கொஞ்ச நாள் தொழிற்பாடசாலை, மிச்ச நாள் ஹோட்டல். மாதாமாதம் கொடுப்பனவு தருவது ஹோட்டல். கடைசிப் பரீட்சையை நடத்துவது ஹோட்டலும் அல்ல, பாடசாலையும் அல்ல, அந்தப் பகுதியின் கைத்தொழில் வர்த்தகச் சம்மேளனம். அந்தப் பிள்ளை இந்த ஆறு மாதத்தில் சமையலறை, அடுத்த ஆறு மாதத்தில் வரவேற்பு என்று எதை எப்போது கற்க வேண்டும் என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். தொழில்துறை கல்விக்குள் வருவதென்றால் இதுதான்: காசு போடும், நேரம் போடும், தன் பெயரில் பொறுப்பெடுக்கும்.

இங்கே எங்களுக்குத் தெரிந்த வடிவம் வேறு. வருஷத்துக்கு ஒருக்கா ஒரு முகாமையாளர் வந்து பவர்பொயின்ட் போட்டுப் பேசுவார். ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் கைச்சாத்தாகும், படம் பேஸ்புக்கில் வரும். மறுகா ட்ரெய்னிங் கடிதம்.

என்னோடு ஏ.எல். படித்த ஒருத்தன் வேறோர் இடத்தில் விருந்தோம்பல் துறையில் படிக்கிறான். கிழக்குக் கரையில் ஒரு ஹோட்டலுக்கு ஆறு மாதப் பயிற்சிக்குப் போனான். பெயர் வேண்டாம். ஆறு மாதமும் அறை துப்புரவு. ஒரு நாளைக்குப் பதினாலு, பதினைந்து அறை. கட்டில் விரிப்பு மாற்றுவது கேவலமான வேலை எண்டு அவனும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அதை ஒழுங்காகச் செய்யத் தெரியாதவர் ஒருநாளும் நல்ல முகாமையாளராக முடியாது. ஆனால் அதைக் கற்க ஆறு கிழமை போதும். மிச்ச நாலரை மாதம் அவன் கற்றது ஒன்றுமில்லை. சம்பள ஆள் ஒருவரின் இடத்தைக் குறைந்த காசில் நிரப்பினான், அவ்வளவுதான். நாங்கள் கொடுக்கிற பில்லில் பத்து வீதம் சேவைக் கட்டணம் இருக்கிறதே, அது வேலையாட்களுக்குப் பிரித்துக் கொடுக்கிற காசு. அதிலும் இவனுக்குப் பங்கில்லை, "நீங்க ட்ரெய்னிதானே." கடைசி நாளில் ஆறு மாத லொக்புக்கையும் ஒரே பேனையால், ஒரே இருப்பில், யாரோ ஒருவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். படிப்பிக்கிற இடத்திலிருந்து ஒருத்தர்கூட இடையில் வந்து பார்க்கவில்லை. இதில் ஹோட்டலை மட்டும் குற்றம் சொல்லுவது நியாயமில்லை.

என் கதை இன்னும் சின்னது. கலைப்பீடத்தில் எங்களுக்கு ட்ரெய்னிங் கட்டாயமில்லை. இருந்தும் லீவில் இரண்டு மாதம் எங்கேயாவது வேலை பழகலாம் எண்டு ஒரு ஹோட்டலுக்கு கோல் எடுத்தேன். முன்பதிவுப் பிரிவில் வேலை, கணினிக்கு முன்னால் இருக்கிற வேலை. எல்லாம் நல்லாப் பேசிவிட்டு அந்தப் பெண் கேட்டா: "நீங்க ஸ்கார்ஃப் போடுறவங்களா? எங்கட யூனிஃபோர்மோட அது சரிவராது." நான் போனை வைத்துவிட்டு வாப்பாவிடம் சொன்னேன். வாப்பாவுக்கு உள்ளுக்குள் நிம்மதி. "ராவைக்கு வேலை செய்யச் சொன்னா என்ன செய்வாய் மகள்?" என்றார். அந்தப் பக்கமும் கதவு சாத்தியது, இந்தப் பக்கமும் சாத்தியது. நடுவில் நான்.

எங்கட ஊர்ப் பிள்ளைகளின் கதையில் பாடவிதானக் கூட்டங்களில் யாரும் வாய் திறக்காத விஷயம் இதுதான். மதுபானம் பரிமாற மாட்டேன் எண்டு சொல்லுகிற ஒரு பொடியனுக்கு அந்த ஹோட்டலில் வேறு என்ன வேலை பழகலாம்? சமையலறை, பேக்கரி, வரவேற்பு, முன்பதிவு, கணக்கு, கொள்வனவு, பராமரிப்பு, வழிகாட்டல் என்று எத்தனையோ பிரிவு இருக்கிறது. அதை முதல் நாளே பேசி ஒப்பந்தத்தில் எழுதினால் முடிந்த விஷயம். பேசாததால் என்ன நடக்கிறது? பொடியன் இரண்டாம் கிழமை சொல்லாமல் கொள்ளாமல் ஓடி வருகிறான். ஹோட்டல், "கல்முனைப் பக்கத்துப் பொடியன்கள் நிற்க மாட்டான்கள்" எண்டு முடிவெடுக்கிறது. ஊர், "ஹோட்டல் வேலை ஹராம்" எண்டு முடிவெடுக்கிறது. 2019 ஏப்ரல் 21-ல் கொழும்பு ஹோட்டல்களில் குண்டு வெடித்து, ஐந்தாம் நாள் எங்கட சாய்ந்தமருதிலும் அந்தக் கொடூரம் நடந்த பிறகு, நேர்முகத்தில் எங்கட பெயரையும் ஊரையும் சொல்லும்போது வருகிற ஒரு செக்கன் மௌனமும் இதோடு சேர்ந்துகொண்டது. காக்காவிடம் கேட்டுப் பாருங்கள், சொல்வார்.

தொழில்துறையின் பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். அவர்கள் எங்களைப் பற்றிச் சொல்லுகிறதில் பாதி உண்மை. எங்கட இங்கிலீஷ் காகிதத்தில் இருக்கிறது, வாயில் இல்லை. கலைப்பீடங்களின் ஆங்கிலத்தையும் வேலைத் திறனையும் கூட்ட உலக வங்கிக் கடனில் 2017-ல் அஹெட் எண்டு ஒரு திட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது என்றால் நிலைமை விளங்கும்தானே. எட்டு மணித்தியாலம் நின்று வேலை செய்வது எங்களுக்குப் பழக்கமில்லை. "பட்டதாரி" எண்ட சொல் தலைக்குள் ஏறி நிற்கிறது. இன்னொரு முறைப்பாடும் இருக்கிறது: பழக்கிவிட்ட உடனே மாலைதீவுக்கும் டுபாய்க்கும் கட்டாருக்கும் பறந்துவிடுகிறார்கள், பிறகு நாங்கள் ஏன் செலவழிக்க வேண்டும்?

நியாயமான கேள்வி. ஆனால் பயிற்சிக் காலத்திலேயே ஒருத்தனைக் குறைந்த காசுக் கூலியாளாக நடத்திவிட்டு, அவன் உங்களை விட்டுப் போகக் கூடாது எண்டு எதிர்பார்க்க முடியாது. அவன் முதலில் கற்றுக்கொண்டதே அந்த இடத்தை விட்டுப் போவது எப்படி என்றுதான்.

இன்னொரு எல்லையும் இருக்கிறது. தொழில்துறை வரட்டும் எண்டு சொல்லுகிற நான், பாடவிதானத்தை முழுசாக அவர்கள் கையில் கொடுக்கச் சொல்லவில்லை. ஹோட்டலுக்குத் தேவை இந்த சீசனுக்கு ஆள். எனக்குத் தேவை நாற்பது வருஷத்துக்கு ஒரு படிப்பு. 2018-ல் இந்த நாட்டுக்கு 23 இலட்சத்துக்கு மேல் சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள். மறுவருஷம் குண்டு, அதற்கடுத்து கொரோனா. 2021-ல் வந்தவர்கள் 2 இலட்சத்துக்கும் குறைவு. 2024-ல் மறுகா 20 இலட்சத்தைத் தாண்டியது. ஆனால் அதே வருஷம் ஒக்டோபரில் அமெரிக்கத் தூதரகம் அறுகம்பே பக்கம் போக வேண்டாம் எண்டு தன் ஆக்களுக்கு ஓர் அறிவித்தல் விட்டதும் அந்த ஊர் எப்படிப் பயந்துபோனது எண்டு எங்களுக்குத் தெரியும். இப்படி ஏறி இறங்குகிற துறையில் ஒரு ஹோட்டலின் ஒரு பிரிவுக்கு மட்டும் பொருந்துகிற மாதிரிப் பழகியவன் முதல் அடியிலேயே வீட்டுக்குப் போவான். கணக்கு, மொழி, எழுத்து, சட்டம், சுற்றாடல் எல்லாம் தெரிந்தவனுக்கு வேறு வாசல்கள் இருக்கும். அந்த அகலத்தைக் கொடுக்க வேண்டியது பல்கலைக்கழகம். அதை எந்த முதலாளிக்காகவும் சுருக்கக் கூடாது.

அப்படியென்றால் என்னதான் கேட்கிறேன்?

ஒன்று, பயிற்சி ஒப்பந்தம் எழுத்தில் வேண்டும். எந்தப் பிரிவில் எத்தனை கிழமை, யார் சொல்லிக்கொடுப்பார், எவ்வளவு கொடுப்பனவு, மத விஷயங்களில் என்ன உடன்பாடு, ராவைக்கு வேலை முடிந்தால் வீடு போக வாகனம் யார் பொறுப்பு எல்லாம் அதில் இருக்க வேண்டும். படிப்பிக்கிற இடத்திலிருந்து ஒருவர் மாதம் ஒருமுறையாவது போய்ப் பார்க்க வேண்டும். இவற்றுக்குச் சம்மதிக்காத ஹோட்டலுக்குப் பிள்ளைகளை அனுப்பக் கூடாது. கடிதம் கொடுக்கிற கை எங்களுடையதுதானே.

இரண்டு, "தொழில்துறை" எண்டு சொன்னவுடன் கொழும்பு நட்சத்திர ஹோட்டல்களை மட்டும் பார்ப்பதை விட வேண்டும். அறுகம்பேயில் தொழில்துறை என்பது ஐந்தாறு அறை வைத்திருக்கிற அந்த நானாதான், பொத்துவில் களப்பில் தோணியில் ஆக்களைக் கொண்டுபோய்க் காட்டுகிற மீனவர்தான், சேர்ஃபிங் பழக்குகிற பொடியன்தான். அவுஸ்திரேலிய அரசாங்கத்தின் உதவியோடு திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை, பொலன்னறுவை மாவட்டங்களில் நடந்த 'ஸ்கில்ஸ் ஃபோர் இன்க்ளுசிவ் குரோத்' திட்டம் இப்படிச் சின்ன ஆக்களையும் கணக்கில் எடுத்தது. ஆனால் வெளிநாட்டுத் திட்டம் எண்டால் ஒருநாள் முடியும். முடியாமல் இங்கேயே இருக்கப்போவது பல்கலைக்கழகங்கள்தான். ஒலுவிலில் இருக்கிற தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து அறுகம்பேக்கு ஒன்றரை மணித்தியாலம்தான் ஓட்டம். இலங்கையில் வேறெந்தப் பல்கலைக்கழகத்துக்கும் அந்தக் கரை இவ்வளவு கிட்ட இல்லை. அந்த நானாவை ஒரு நாள் வகுப்புக்கு அழைத்து, "உங்கட பிரச்சினை என்ன?" எண்டு கேட்டு, மாணவர் நாலு பேரை ஒரு சீசன் அவரோடு விட்டுப் பார்க்கலாம். பெரிய செலவு ஒன்றுமில்லை.

மூன்று, கலைப்பீடத்தை இதற்குள் எடுக்க வேண்டும். சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை தேசிய வழிகாட்டி, சாரதி வழிகாட்டி, பிரதேச வழிகாட்டி, தள வழிகாட்டி எண்டு பல வகை அனுமதிப்பத்திரம் கொடுக்கிறது. வரலாறும் புவியியலும் சமூகவியலும் படித்தவர்களைவிட அதற்குப் பொருத்தமானவர் யார்? உகந்தை முருகன் கோயில் வழியாகக் கதிர்காமம் போகிற பாதயாத்திரை, குமணக் காட்டுப் பறவைகள், பொத்துவில் முகுது மகா விகாரை, தீகவாபி, மருதமுனைக் கைத்தறி. இதையெல்லாம் எங்கட கரையிலிருந்து யார் சொல்லப்போவது? இப்போது வெளியூர் வாகனத்தில் வருகிற வெளியூர் வழிகாட்டிதான் எங்களைப் பற்றி எங்களுக்குத் தெரியாமல் சொல்லிக்கொண்டு போகிறார்.

நாலாவது பெண்களைப் பற்றியது. சுற்றுலாத்துறையில் வேலை செய்கிற பத்துப் பேரில் ஒரு பெண்கூட இல்லை எண்டு அந்தத் துறையினரே பல வருஷமாகச் சொல்லி வருகிறார்கள். எங்கட கரையில் இன்னும் குறைவாக இருக்கும் எண்டுதான் நினைக்கிறேன். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். எங்கட வழக்கத்தில் கல்யாணத்துக்கு வீடு பெண்ணுக்குத்தான் கொடுக்கப்படுகிறது. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். பொத்துவிலிலிருந்து கல்முனை வரைக்கும் எத்தனையோ வீட்டு உறுதி பெண்களின் பெயரில் இருக்கிறது. சீதனத்தைப் பற்றி எனக்கு வேறு சண்டை இருக்கிறது, அது இன்னொரு நாளைக்கு. ஆனால் ஹோம்ஸ்டே என்ற தொழிலுக்கு முதலில் தேவையானது ஒரு வீடு. அது ஏற்கெனவே எங்கட உம்மாமார் கையில் இருக்கிறது. காலையில் இடியப்பமும் மீன் ஆணமும் அவர்கள் எப்படியும் செய்யத்தான் போகிறார்கள். பதிவு, புக்கிங், சுகாதாரத் தரம், கணக்கு, விருந்தாளியோடு எங்கே எல்லை வைப்பது என்பதைச் சொல்லிக்கொடுக்கத்தான் ஆளில்லை. வேலையனுபவத்தையே மதிப்பிட்டு என்.வி.கியூ. சான்றிதழ் கொடுக்கிற முறையும் நாட்டில் இருக்கிறது. இருபது வருஷம் பந்திச் சோறு சமைத்த ஓர் உம்மாவிடம் அதைப் பற்றி இதுவரை யாராவது சொல்லியிருப்பார்களா?

கடைசியாக எங்களுக்கு, அதாவது இதை வாசிக்கிற உங்களுக்கும் எனக்கும். மாமி மாறட்டும், ஹோட்டல் மாறட்டும், கம்பஸ் மாறட்டும் எண்டு காத்திருந்தால் அதுவும் கவர்மென்ட் லிஸ்ட்டுக்குக் காத்திருக்கிற மாதிரித்தான். நான் இந்த சீசனில் அந்த நானாவின் கெஸ்ட் ஹவுஸுக்கு ஆறு கிழமை போவதாக இருக்கிறேன். பகல் வேலை. பொத்துவிலில் பெரியம்மா வீட்டில் தங்குவேன். புக்கிங் பார்ப்பது, கணக்கெழுதுவது, விருந்தாளிகளின் கடிதங்களுக்குப் பதில் போடுவது. எவ்வளவு தருவீங்க எண்டு கேட்டு, ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். நானா முதலில் சிரித்தார். "இதெல்லாம் எதுக்கு மகள்?" எண்டு கேட்டார். பிறகு, தன்னிடம் வேலை செய்கிற மற்ற இரண்டு பொடியன்களுக்கும் அதே மாதிரி ஒரு தாள் எழுதித் தரச் சொன்னார்.

வாப்பா இன்னும் முழுசாகச் சம்மதிக்கவில்லை. காக்காதான் எனக்காகப் பேசிக்கொண்டிருக்கிறார்.